கல்மாவு – 11: டோக்கன் நம்பரைப் போட்டுத் தேடியபோது

உலகநாதன் வந்துவிட்டுப் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்த வீட்டில் யாரும் யாரையும் முகம் பார்த்துப் பேசவில்லை.

கல்மாவு கம்பெனியின் நலத்துறை அதிகாரியான அவர் காலனிக்குள் காரில் வந்து இறங்கியது அதுதான் முதல் தடவை. கையில் இரண்டு காகிதம் இருந்தது. ஒன்று, கலைவாணனை நிரந்தரத் தொழிலாளி ஆக்கும் உத்தரவு. மற்றது, அவன் அப்பா தேவசகாயம் கையெழுத்துப் போட வேண்டியது. 'எனக்கு இருப்பது காசநோய். கம்பெனியில் நான் பார்த்த வேலைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை' என்று அதில் அடித்திருந்தது.

"கம்பெனி கைமாறப் போவுது. வாங்கறவங்க எல்லா ஃபைலும் சுத்தமா இருக்கணும்னு கேக்கறாங்க. நீ இதுல போட்டா, பையனோடதை நான் கையிலயே குடுத்துடறேன். புதன்கிழமை மூணு மணிக்கு வந்துடு" என்று சொல்லிவிட்டு, தேவசகாயத்தின் மனைவி பாப்பா கொடுத்த காபியைத் தொடாமல் போய்விட்டார்.

இன்று புதன்கிழமை.

தேவசகாயம் சுவரில் சாயவில்லை. சாய்ந்தால் மூச்சு நிற்கிறது. மடியில் தலையணையை வைத்து அதன் மேல் கவிழ்ந்தாற்போல உட்கார்ந்திருந்தார். ராத்திரி முழுக்க அப்படித்தான். அவர் மூச்சு இழுக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மகள் ஜெனிட்டா தலை பின்னி முடித்தாள்.

"நைனா, போடத்தான் போறியா?"

"போட்டா... இன்னாம்மா?" ஒரு வாக்கியத்துக்கு நடுவில் அவர் இரண்டு தடவை நிற்க வேண்டியிருந்தது. "என் காலம்... பூட்ச்சி. அவனுது... இப்பத்தானே?"

"அந்த டாக்டரம்மா சொன்னத மறந்துட்டியா?"

அடுப்படியிலிருந்து பாப்பா குரல் கொடுத்தாள். "காத்தாலயே ஆரம்பிக்காத ஜெனிட்டா. மன்சன் மூச்சு வுடறதே பெரிய பாடா கீது."

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மேக்னா என்று ஒரு இளவயது டாக்டர். போன மாதம் அவள்தான் முதன்முதலில் அந்தக் கேள்வியைக் கேட்டவள். சளியில் டி.பி. கிருமியே இல்லையே, இத்தனை வருஷம் யார் மாத்திரை கொடுத்தது? கம்பெனி டாக்டர் என்றார் தேவசகாயம். என்ன வேலை பார்த்தீர்கள்? கல் அரைக்கிற மில்லில் என்றார். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். கம்பெனியில் வருஷா வருஷம் எடுத்த பழைய எக்ஸ்ரே ஒன்றாவது வாங்கி வாருங்கள், தூசு நோயா இல்லையா என்று அதை வைத்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றாள்.

கம்பெனியில் போய்க் கேட்டபோது, எல்லாம் மழைத் தண்ணீரில் ஊறி அழிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

கலைவாணன் கண்ணாடி முன்னால் முகம் வழித்துக்கொண்டிருந்தான். இருபத்தேழு வயது. நாலு வருஷமாக அதே மில்லில் தற்காலிகம். மனைவி சின்னப்பொண்ணு பிரசவத்துக்கு வேடந்தாங்கல் பக்கம் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள்.

"இந்தா பாரு ஜெனிட்டா" என்றான், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொயந்தை வரசொல்லோ அப்பன் பர்மனென்ட்டுன்னு இருக்கணும். டாக்டரம்மா இன்னிக்கி ஒண்ணு சொல்வா, நாளிக்கி வேற ஊருக்கு மாறிப் போயிடுவா. நாம இங்கதான் கெடக்கணும். நீ போயி ஒங்க கம்ப்யூட்டர தட்டு."

ஜெனிட்டா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். வீட்டில் அவள் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. மழையில் அழிந்துவிட்டதாகச் சொன்ன அந்தப் பெட்டிகள், இரண்டு மாதமாக அவள் ஆபீசில்தான் அடுக்கியிருக்கின்றன.

*

ராஜேஸ்வரி கல்யாண மண்டபத்துக்குப் பின்னால், செங்கல்பட்டில், மாடியில் ஒரே நீளமான அறை. பல கம்பெனிகளின் பழைய காகிதங்கள் மூட்டை மூட்டையாக அங்கே வரும். ஒரு பக்கம் ஸ்கேனர்கள். மறுபக்கம் வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். ஸ்கேன் ஆன ஒவ்வொரு காகிதமும் திரையில் படமாக வரும். பக்கத்தில் வெற்றுக் கட்டங்கள் இருக்கும். பெயர், தகப்பனார் பெயர், டோக்கன் எண், பிரிவு, ஆண்டு, ஆவண வகை, குறிப்பு. காகிதத்தைப் பார்த்து அந்தக் கட்டங்களை நிரப்புவதுதான் ஜெனிட்டாவின் வேலை. படிக்கக்கூடாது, பார்த்துத் தட்ட வேண்டும். அப்படித்தான் எழுதி வாங்கியிருந்தார்கள்.

கல்மாவு கம்பெனியின் பெட்டிகள் வந்து இறங்கியதிலிருந்து, அப்பாவின் காகிதம் தன் கைக்கு வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் பல பேருக்குப் பிரித்துக் கொடுத்த வேலை அது. யார் கையில் எந்தக் கட்டு போகும் என்று தெரியாது. அப்பாவின் காகிதம் அவள் திரைக்கு வரவே இல்லை.

போன வாரம் ஒரு தடவை துணிந்து தேடிப் பார்த்தாள். பெயர்க் கட்டத்தில் ஆங்கிலத்தில் தேவசகாயம் என்று அடித்தாள். 'ஆவணம் எதுவும் இல்லை' என்று வந்தது. எழுத்தை மாற்றி மாற்றி அடித்தாள். ஒரு தடவை 'தேவ' என்று தொடங்கும் பெயர் எல்லாம் கேட்டாள். தேவராஜ் வந்தார், தேவநேசன் வந்தார். அவர் வரவில்லை. உண்மையிலேயே மழையில்தான் போய்விட்டதோ என்று கூட நினைத்தாள்.

இன்று பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போதுதான் அது தோன்றியது.

சின்ன வயசில் அவள்தான் அப்பாவுக்கு மத்தியானச் சாப்பாடு எடுத்துப் போவாள். கேட்டில் நிற்கும் வாட்ச்மேனிடம் "எங்க நைனாவ கூப்பிடுங்க" என்றால், "டோக்கன் நம்பர் சொல்லு பாப்பா" என்பான். சொன்னதும் உள்ளே பார்த்துக் கத்துவான். "நாலு ஒண்ணு ஏழூ!" வெள்ளை மாவு பூசிய ஆட்களில் ஒருவர் திரும்பிப் பார்ப்பார். அவர்தான் அப்பா என்று அப்புறம்தான் அவளுக்கே தெரியும்.

கம்பெனி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பிறகு அவர் பெயரில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

*

ஒரு மணிக்கு எல்லாரும் சாப்பிடக் கீழே இறங்கினார்கள். பக்கத்து இருக்கை மானசா, "வரலியா?" என்று கேட்டாள். தலைவலி என்று சொல்லிவிட்டாள் ஜெனிட்டா.

அறை காலியானதும் தேடும் திரையைத் திறந்தாள். பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டாள். டோக்கன் எண் என்ற கட்டத்தில் 417 என்று அடித்தாள்.

திரை நிறைந்துவிட்டது.

ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வரிசைகள். எல்லாம் அவர்தான். பெயர் மட்டும் ஆளாளுக்கு ஒரு விதமாக ஏறியிருந்தது. ஒருத்தர் 'திவசகாயம்' என்று அடித்திருந்தார். இன்னொருத்தர் 'டி.சகாயம்'. பல வரிசையில் பெயர்க் கட்டமே காலி. காகிதத்தில் பெயர் எழுதியிருந்தால்தானே அடிப்பதற்கு?

ஆண்டுவாரியாக ஒவ்வொன்றாகத் திறந்தாள். எக்ஸ்ரே அறிக்கைகள். தொண்ணூற்று ஒன்றில் குறிப்பு என்ற கட்டத்தில் ஒன்றும் இல்லை. அடுத்த வருஷமும் இல்லை. தொண்ணூற்று நாலில் அந்தக் கட்டத்தில் சின்னதாக ஒன்று இருந்தது. 'எஸ்-1'. தொண்ணூற்று ஆறில் 'எஸ்-2'. அதற்கப்புறம் எல்லா வருஷமும் எஸ்-2. கடைசியாகத் தொண்ணூற்று ஒன்பதில் ஒரு விருப்ப ஓய்வுக் கடிதம். கீழே அப்பாவின் கோணலான கையெழுத்து. உடம்புக்கு முடியவில்லை, வெயிட் தூக்க முடியவில்லை என்று அவரே எழுதிக் கொடுத்ததாக வீட்டில் சொல்லியிருந்தார். கடிதம் சுத்தமான ஆங்கிலத்தில் டைப் அடித்திருந்தது.

எஸ்-2. அந்த மாதிரி எத்தனையோ காகிதத்தில் அவளே அதை அடித்திருக்கிறாள். ஷிஃப்ட் நம்பர் என்று நினைத்துக்கொண்டு.

அதற்கு அர்த்தம் எங்கே இருக்கும்? காகிதத்தின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று இந்த மென்பொருளுக்குத் தெரியாது. கட்டங்களில் என்ன அடித்தார்களோ அதுதான் தெரியும். அவள் யோசித்தாள். இப்படி ஒரு குறியை டாக்டர்தான் வைத்திருக்க வேண்டும். வைத்தால் யாருக்காவது விளக்கி எழுதியிருப்பார். ஆவண வகை கடிதம், பிரிவு மருத்துவம், ஆண்டு தொண்ணூற்று நாலு என்று மூன்று கட்டத்தை நிரப்பித் தேடினாள்.

நாலைந்து கடிதம் வந்தது. மருந்து வாங்கியது, எக்ஸ்ரே மெஷின் ரிப்பேர். மூன்றாவது கடிதம் கம்பெனி டாக்டர் மேனேஜருக்கு எழுதியது.

ஒவ்வொரு வரியாக இரண்டு தடவை படித்தாள்.

எஸ்-1 என்றால் நுரையீரலில் கல்தூசு படியத் தொடங்கிவிட்டது. எஸ்-2 என்றால் முற்றிவிட்டது. எஸ்-2 ஆட்களை, அவர்கள் வெளி டாக்டரிடம் போகும் முன்பே, தாங்களாக விலகியதாக எழுதி வாங்கி அனுப்பிவிடுவது நல்லது. தொழிலாளிகளிடம் இந்தக் குறியைப் பற்றிச் சொல்ல வேண்டாம். கேட்டால் காசநோய் என்று சொன்னால் போதும்.

ஜெனிட்டாவுக்கு அழுகை வரவில்லை. அப்பா எட்டு வருஷம் விழுங்கிய மாத்திரைகள் நினைவுக்கு வந்தன. வாந்தி எடுத்துவிட்டு மறுபடி விழுங்குவார். டி.பி. என்று சொல்லிப் பக்கத்து வீட்டில் அவருக்குத் தனி டம்ளர் வைத்தது நினைவுக்கு வந்தது.

இது பழைய கதையா, இன்னும் நடக்கிறதா? அந்தக் கேள்விதான் அவள் கையை மறுபடி நகர்த்தியது. டோக்கன் எண்ணை அழித்தாள். ஆண்டு என்ற கட்டத்தில் 2003, குறிப்பு என்ற கட்டத்தில் எஸ்-1.

இந்த வருஷத்துப் பெயர்கள் வந்தன. எல்லாம் இப்போது உள்ளே வேலை செய்கிறவர்கள். முழுக்க முழுக்கத் தெரிந்த பெயர்கள். அப்பாவோடு மில்லில் நின்று செத்துப்போன கருப்பனின் மகன் ஒருத்தன். பஸ் ஸ்டாப்பில் தினம் பார்க்கும் திருநாவுக்கரசு.

திரையை உருட்டினாள்.

கலைவாணன். தகப்பனார் பெயர், தேவசகாயம். இந்தத் தடவை எழுத்துப் பிழை ஏதும் இல்லை.

*

பிரின்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது உப்பிலி வந்துவிட்டார்.

உப்பிலிதான் அங்கே சூப்பர்வைசர். திருக்கழுக்குன்றத்துக்காரர். ரிடையரான வாத்தியார் மாதிரி இருப்பார், குரலை உயர்த்தியே யாரும் கேட்டதில்லை. கைகழுவின ஈரத்தோடு வாசலில் நின்று திரையைப் பார்த்தார். பிறகு பிரின்டரைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"எங்கப்பா, சார். இன்னிக்கு மூணு மணிக்குக் கம்பெனியில அவர்கிட்ட டி.பி.ன்னு கையெழுத்து வாங்கறாங்க."

அவர் அருகே வந்து படித்தார். படிக்கப் படிக்க அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். கடைசியில் கலைவாணன் பெயர் இருந்த தாளில் விரல் வைத்தார்.

"இது?"

"அண்ணன்."

உப்பிலி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நாம வெறும் தபால்காரா மாதிரிம்மா. உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கக்கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்கோம். நீ, நான், எல்லாரும்."

"தெரியும் சார்."

"உனக்கு இன்னொண்ணு தெரியாது. யார், எந்தக் கட்டத்துல, என்ன போட்டுத் தேடினான்னு அத்தனையும் இதுல பதிவாறது. என்னிக்குத் தேடினா, எதைப் பிரின்ட் எடுத்தா, எல்லாம். சாயங்காலம் அந்த ரிப்போர்ட் தானாக் கம்பெனிக்குப் போயிடும். உன் பேர் அதுல இருக்கும். என்னால அழிக்க முடியாது." தாளிலிருந்து விரலை எடுத்தார். "முடிஞ்சாலும் அழிக்க மாட்டேன். எனக்கும் ரெண்டு பொண்ணு கரையேறணும்."

"அழிக்க வேணாம் சார். இருக்கட்டும்."

"வேலை போயிடும். அதோட விட மாட்டா. திருட்டுன்னு எழுதுவா."

ஜெனிட்டா காகிதங்களை மடித்துக் கைப்பையில் வைத்தாள். அவர் தடுக்கப்போகிறார் என்று நினைத்தாள். அவர் எழுந்திருக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, ரயில்வே ஸ்டேஷன் பக்கமாகப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"மகாபலிபுரம் பஸ் ஒண்ணே முக்காலுக்கு ஒண்ணு இருக்கு. ஓடு."

*

பஸ்ஸில் உட்கார இடமில்லை. கடற்கரைக் கோயில் பார்க்கப் போகிறவர்கள் கூட்டம். யாரோ ஒரு வெளியூர்க் குடும்பம் ஆரஞ்சு உரித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தது. ஜெனிட்டா கம்பியைப் பிடித்து நின்றபடி ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டு வந்தாள். எதைச் சொல்வது, எதை மறைப்பது?

அப்பாவின் காகிதத்தை மட்டும் காட்டினால் போதும். அவர் கையெழுத்துப் போட மாட்டார். அண்ணனுடையதைப் பிறகு, தனியாக, டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு, மெதுவாகச் சொல்லலாம். சின்னப்பொண்ணுக்கு இந்த வாரமோ அடுத்த வாரமோ ஆகும். இப்போது சொல்ல வேண்டாம். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது அப்படித்தான் முடிவு செய்திருந்தாள்.

சாலையோரப் புளியமரங்கள் பச்சை மாறி வெளுக்கத் தொடங்கியதும் இறங்கினாள். கம்பெனியை அடையாளம் காட்டப் பலகை வேண்டியதில்லை. இலையெல்லாம் வெள்ளை.

கேட்டுக்குப் பக்கத்து அறையில், பிளாஸ்டிக் நாற்காலியில் தேவசகாயம் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடும் சட்டை. பின்னால் கலைவாணன். மேசைக்கு அந்தப் பக்கம் உலகநாதன். காகிதம் விரித்து வைத்திருந்தது. பேனா மூடி திறந்திருந்தது.

"நீ யாரும்மா?" என்றார் உலகநாதன்.

"அவரு பொண்ணு."

"நல்லதாப் போச்சு. சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணும். இருங்க, ஸ்டாம்ப் பேடு எடுத்துக்கினு வரேன்." உள்ளறைக்குப் போனார்.

ஜெனிட்டா அப்பாவின் முன்னால் மண்டியிட்டாள்.

"நைனா, போடாத. ஒனக்கு டி.பி. இல்ல. தூசு. கல்தூசு. தொண்ணூத்தி நாலுலயே இவங்களுக்குத் தெரியும். ஒன்கிட்ட டி.பி.ன்னு சொல்லச் சொல்லி டாக்டரே எழுதிக்கீறாரு. இந்தா பாரு."

கலைவாணன் அவள் கையிலிருந்து காகிதத்தைப் பிடுங்கினான். "எங்கேர்ந்து வந்திச்சி இது? இன்னாடி பண்ணிட்டு வந்துக்கீற நீ?"

"எங்க ஆபீசுலதான் கீது. மழையில ஒண்ணும் அழியல."

"என் சோத்துல மண்ணள்ளிப் போடத்தான் வந்தியா?"

"டேய்" என்றார் தேவசகாயம். மெதுவாகத்தான் சொன்னார். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை. பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்மா."

"இன்னா தெரியும்?"

"கூட நின்னவன்... ஒவ்வொருத்தனா பூட்டான். கருப்பனுக்கும் டி.பி.ன்னாங்க. அவங்க அண்ணனுக்கும்... டி.பி.ன்னாங்க. மில்லுல நின்னவனுக்கு மட்டும் வருதா டி.பி.? வாட்ச்மேனுக்கு வரல. ஆபீசுல... உக்காந்தவனுக்கு வரல." மூச்சு வாங்கினார். "எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா மாத்திரைய முழுங்கின?"

"படாளத்துல... எங்கப்பன் இன்னொருத்தன் நெலத்துல குனிஞ்சே செத்தான். நான் மாசச் சம்பளக்காரன். நீ படிச்ச. இவன்... நிமிந்து நடக்கறான். அதுக்கு ஒரு வெல கீது இல்ல? நான் குடுத்துட்டேன். இன்னும் ஒரு கையெழுத்து. அது போட்டா... இவன் நிக்கிற எடம் கெட்டியாயிடும். வுடு ஜெனிட்டா."

அவர் மேசை மேல் குனிந்தார். பேனா முனை காகிதத்தைத் தொட்டது.

பஸ்ஸில் செய்த முடிவெல்லாம் அந்த நிமிஷத்தில் உதிர்ந்துபோயிற்று. ஜெனிட்டா இன்னொரு தாளை எடுத்து, அவர் கையெழுத்துப் போடும் இடத்தின் மேலேயே வைத்தாள்.

"இத்தையும் பாத்துட்டுப் போடு."

"இன்னா அது? எனக்கு இங்கிலீஷ்..."

"இந்த வருஷத்து எக்ஸ்ரே. குறிப்பு, எஸ்-1. ஒனக்குத் தொண்ணூத்தி நாலுல போட்ட அதே எழுத்து, நைனா. அப்பா பேரு, தேவசகாயம்." விரலால் தொட்டுக் காட்டினாள். "பேரு, கலைவாணன்."

மில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த அறையின் ஜன்னல் கண்ணாடி எப்போதும் அதிர்ந்துகொண்டே இருக்கும்.

"எனக்கா?" என்றான் கலைவாணன். சிரிக்கப் பார்த்தான். "எனக்கு இருமலே இல்லியே. எக்ஸ்ரே நல்லா கீதுன்னுதானே சொன்னாங்க?"

அவன் தன் நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். உள்ளே ஏதாவது தெரிகிறதா என்று பார்க்கிறவன் மாதிரி.

தேவசகாயம் பேனாவைக் கீழே வைத்தார். அது உருண்டு தரையில் விழுந்தது.

"நான்தான் இட்டாந்து வுட்டேன்" என்றார். "மேனேஜர் வூட்டு வாசல்ல... நின்னு நின்னு கேட்டேன். என் பையனுக்கு ஒரு வேல குடுங்க... ஒரு வேல குடுங்கன்னு." அதற்கு மேல் இருமல் வந்துவிட்டது. பாதியில் நிற்காத இருமல். ஜெனிட்டா அவர் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். எலும்பு மட்டும்தான் கைக்குத் தட்டுப்பட்டது.

உலகநாதன் ஸ்டாம்ப் பேடோடு திரும்பி வந்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மேசை மேல் கிடந்த தாளைப் பார்த்தார்.

"இது எப்படி இங்க வந்தது?"

"ஒங்க பெட்டியிலேர்ந்துதான் சார்" என்றாள் ஜெனிட்டா. "மழையில நனையாத பெட்டி."

அவர் முகத்தில் ஒரு மரியாதை இருந்தது, இவ்வளவு நேரம். அது போய்விட்டது. டெலிபோனை எடுத்துச் சுழற்றினார். "சார், கொஞ்சம் கேட்டுக்கு வரீங்களா? உடனே. ஆமா, பிரச்சனைதான்."

ஷிஃப்ட் மாறும் சங்கு ஊதியது.

கலைவாணன் அசைந்தான். அப்பாவின் தாளையும் தன் தாளையும் எடுத்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

"வூட்டுக்குப் போலாம் வாண்ணா" என்றாள் ஜெனிட்டா.

"வேற யாரு பேரெல்லாம் பாத்த?"

"இன்னாத்துக்கு?"

"கேக்கறேன் இல்ல, சொல்லு."

"திருநாவுக்கரசு. கருப்பன் பையன். இன்னும் கீறாங்க. எல்லாத்தையும் படிக்க நேரம் இல்ல."

"அரசு இப்ப மில்லுமேல நிக்கிறான். கருப்பன் பையன் எனக்குப் பக்கத்து மெஷினு." அவன் குரல் தணிந்திருந்தது. காலையில் பேசிய ஆள் இவன் இல்லை என்பது போல இருந்தது. "நீ நைனாவப் பாத்துக்கோ. நான் அவனுங்களுக்குக் காட்டிட்டு வரேன்."

"உள்ள போவாதண்ணா!"

"நாலு வருஷமாப் போறேன். இன்னும் ஒரு வாட்டி போனா இன்னா ஆயிடும்?"

டோக்கனை எடுத்து நீட்டினான். வாட்ச்மேன் தினம் பார்க்கும் முகம், வழி விட்டான். உலகநாதன், "ஏய், அவனை நிறுத்து!" என்று கத்தியபோது, கலைவாணன் வேலை முடித்து வெளியே வரும் வெள்ளை ஆட்களுக்கு எதிராக உள்ளே நடந்து, அவர்களில் ஒருவனாகக் கலந்துவிட்டான்.

மேனேஜரின் கார் வந்து நின்றது. அவர் இறங்கி உலகநாதனிடம் இரண்டு வார்த்தை கேட்டார். ஜெனிட்டாவின் பக்கம் திரும்பவே இல்லை.

"கேட்டைப் பூட்டு" என்றார். "உள்ள இருக்கறவன் உள்ள. வெளிய இருக்கறவன் வெளிய."

சங்கிலி இழுபட்டுப் பூட்டு விழுந்தது.

அப்போதுதான் அது நடந்தது. முதலில் ஒரு மில் நின்றது. பிறகு இன்னொன்று. ஜெனிட்டா பிறந்ததிலிருந்து, ராத்திரி பகல் எந்த நேரத்திலும், கேட்காமல் இருந்திராத அந்தச் சத்தம் தேய்ந்து தேய்ந்து ஓய்ந்தது. ஜன்னல் கண்ணாடியின் அதிர்வு அடங்கியது. உள்ளே யாரோ பல பேர் ஒரே நேரத்தில் பேசும் குரல் கேட்டது. பிறகு ஏதோ இரும்பு கீழே விழுகிற சத்தம். ஒரு அலறல்.

தேவசகாயம் நாற்காலியை விட்டு எழுந்தார். ஜெனிட்டா கைகொடுக்கப் போனாள், அவர் அதைத் தள்ளிவிட்டார். சுவரைப் பிடித்து, பிறகு எதையும் பிடிக்காமல், கேட்டு வரைக்கும் நடந்தார். இரண்டு கையாலும் கம்பியைப் பற்றிக்கொண்டார்.

"கலைவாணா!"

இத்தனை வருஷமாக அந்த வீட்டில் யாரும் கேட்டிராத குரல் அது. இருக்கிற மூச்சு மொத்தத்தையும் அந்த ஒரு பெயருக்கே கொடுத்துவிட்டார்.

உள்ளேயிருந்து பதில் வரவில்லை.